தனியாக நின்ற பண்டிதர்: ஈஸ்வர சந்திர வித்யாசாகர்



கோயில் இளைஞர் பிரிவுக் கூட்டத்தில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒருத்தர் மட்டும் கையைத் தூக்குவார். ஏன் இப்படிச் செய்யணும், வேறு மாதிரி செய்யலாமே என்று கேட்பார். உடனே ஒரு சிரிப்பு எழும். பெரியவர் ஒருவர், உட்காரு தம்பி, உனக்கு என்ன தெரியும் என்பார். அன்று இரவே வாட்சாப் குரூப்பில் அவரை வைத்து ஜோக் ஓடும். அவர் பதில் எழுதினால் அவரைத் தூக்கிவிடுவார்கள். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் வராது.

இது வாட்சாப் காலத்துப் பழக்கம் என்று நினைக்காதீங்க. ஏறக்குறைய 170 வருடத்துக்கு முன்னால் வங்காளத்தில் ஒரு சமஸ்கிருதப் பண்டிதருக்கும் இதேதான் நடந்தது. அவர் நம் சமயத்தைத் திட்டியவர் அல்ல. நம் நூல்களை நன்றாகக் கற்றவர். வேட்டியும் மேல்துண்டும் சாதாரணச் செருப்பும்தான் அவருடைய உடை. அவர் பெயர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

அம்மிக்கல்லா, மைல்கல்லா?

1820 செப்டம்பர் 26-ஆம் தேதி, வங்காளத்தில் பீர்சிங்க என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா தாகூர்தாஸ் பந்தோபாத்யாய். அம்மா பகவதி தேவி. ஏழைப் பிராமணக் குடும்பம். அப்பா கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்.

எட்டு வயதில் பையனைப் படிக்க வைக்கக் கல்கத்தாவுக்கு நடத்தியே கூட்டிப்போனார் அப்பா. போகிற வழியில் சாலையோரம் கல் கல்லாக நட்டிருந்தது. அம்மிக்கல்லை எதுக்கு ரோட்டில் நட்டிருக்காங்க என்று பையன் கேட்டான். அது அம்மி இல்லை, தூரம் காட்டும் மைல்கல் என்று அப்பா விளக்கினார். அந்தக் கற்களில் இருந்த இங்கிலீஷ் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கல்கத்தா போய்ச் சேர்வதற்குள் எல்லா எண்களையும் கற்றுவிட்டான். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அப்பா அமைந்தது அவனுடைய அதிர்ஷ்டம்.

கல்கத்தாவில் அவர்கள் தங்கிய வீட்டில் ராய்மணி என்ற ஒரு பெண் இருந்தார். வீட்டுக்காரரின் தங்கை. கணவனை இழந்தவர். அம்மாவைப் பிரிந்து வந்த அந்தச் சிறுவனைத் தன் மகனைப் போலவே பார்த்துக்கொண்டார். பல வருடம் கழித்துத் தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்தபோது வித்யாசாகர் இந்த அம்மாவைத்தான் நெஞ்சுருக நினைத்துப் பார்த்தார். தன் அப்பா இளம் வயதில் கல்கத்தாவில் பட்டினி கிடந்தபோது, கடை வைத்திருந்த ஒரு விதவைப் பெண் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டதையும் எழுதிவைத்தார். பின்னால் அவர் யாருக்காகப் போராடினார் என்பதற்கு விதை இங்கேதான் விழுந்தது.

குருவின் வீட்டில் தண்ணீர் குடிக்காத மாணவன்

1829-ல் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்தார். இலக்கணம், காவியம், வேதாந்தம், தர்மசாத்திரம் என்று பன்னிரண்டு வருடம் படித்தார். கல்விக் கடல் என்று பொருள்படும் வித்யாசாகர் பட்டம் அந்தப் படிப்புக்குக் கிடைத்ததுதான். பிறகு அந்தப் பட்டமே பெயராகிவிட்டது.

மாணவராக இருந்த காலத்தில் ஒரு சம்பவம். அவருக்கு வேதாந்தம் சொல்லிக்கொடுத்த குரு சம்புசந்திர வாசஸ்பதி நல்ல வயதானவர். ஈஸ்வரன் மேல் உயிராக இருந்தவர். மனைவியை இழந்த அவர், முதுமையில் தன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு சின்னப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார். மாணவரிடமே யோசனை கேட்டார். வேண்டாம் என்று மாணவர் சொன்னார். குரு கேட்கவில்லை, கல்யாணம் நடந்துவிட்டது. பிறகு ஒருநாள் குரு வற்புறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போய் மனைவியைக் காட்டினார். அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்து ஈஸ்வரன் அழுதுவிட்டார். இனி இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று வெளியே வந்துவிட்டார். கொஞ்ச நாளில் குரு காலமானார். அந்தப் பெண் விதவையானாள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. குருவை அவர் அவமதிக்கவில்லை, ஊரைக் கூட்டித் திட்டவும் இல்லை. ஆனால் தப்பு என்று பட்டதைக் குருவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். மரியாதை வேறு, ஆமாம் போடுவது வேறு. நம் வீடுகளில் இந்த இரண்டையும் நாம் எத்தனை தடவை குழப்பிக்கொள்கிறோம்!

கதவைத் திறந்த முதல்வர்

1841-ல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் வேலை. 1846-ல் தான் படித்த சமஸ்கிருதக் கல்லூரிக்கே உதவிச் செயலாளராக வந்தார். பாடத்திட்டத்தைத் திருத்த யோசனை சொன்னார். மேலதிகாரி ஏற்கவில்லை. அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான் என்று ஆட்கள் பேசியபோது, காய்கறி விற்றாவது பிழைப்பேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

1851-ல் அதே கல்லூரிக்கு முதல்வராகவே வந்தார். அதுவரை அங்கே பிராமண, வைத்தியச் சாதிப் பிள்ளைகள் மட்டும்தான் படிக்கலாம். அவர் வந்ததும் காயஸ்தருக்குக் கதவைத் திறந்தார். பிறகு 1854-ல் மற்ற இந்து மாணவர்களுக்கும் திறந்தார். உள்ளே இருந்த பண்டிதர்கள் கொதித்தார்கள். வெள்ளைக்காரனுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கலாம், நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கூடாதா என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். எல்லாச் சாதிக்கும் அன்றே கதவு திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவரும் அடி அடியாகத்தான் நகர்ந்தார். ஆனாலும் அந்தக் காலத்தில் அது பெரிய அடி.

பெண்பிள்ளைகள் படிப்புக்கும் பாடுபட்டார். 1855-ல் அவர் எழுதிய அரிச்சுவடியான 'வர்ண பரிச்சய்' வழியாகத்தான் பல தலைமுறை வங்காளப் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். இதுவரை ஊர் அவரைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்தது. அடுத்து அவர் எடுத்த விஷயத்தில்தான் எல்லாம் மாறியது.

சாத்திரம் கேட்டார்கள், சாத்திரம் கொடுத்தார்

அப்போது வங்காளத்தில் உயர்சாதி இந்துக் குடும்பங்களில் பெண்ணுக்கு எட்டு, ஒன்பது வயதிலேயே கல்யாணம். மாப்பிள்ளை கிழவராகவும் இருப்பார். அவர் போய்விட்டால், உலகம் என்ன என்றே தெரியாத அந்தச் சிறுமி வாழ்நாள் முழுக்க விதவை. நகை கிடையாது, வெள்ளைச் சேலை, ஒருவேளைச் சாப்பாடு. ஏகாதசியில் தண்ணீர்கூடக் கிடையாது. நல்ல காரியங்களில் அவள் முகம் தெரியக்கூடாது. உடன்கட்டை ஏறுவதை 1829-ல் சட்டம் தடுத்துவிட்டது. அவள் உயிர் தப்பியது, வாழ்க்கை தப்பவில்லை.

விதவைக்கு மறுமணம் செய்யலாம் என்று வித்யாசாகர் சொன்னார். மனிதாபிமானம் என்று பேசினால் ஒருத்தரும் கேட்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். சாத்திரத்தில் எங்கே இருக்கு, காட்டு என்றுதான் கேட்பார்கள். அதனால் இரவு பகலாக ஸ்மிருதி நூல்களைப் புரட்டினார். பராசர ஸ்மிருதியில் அவர் தேடியது கிடைத்தது. கணவன் காணாமல் போனாலும், இறந்தாலும், துறவியானாலும், இல்லறத்துக்குத் தகுதியற்றவன் என்று தெரிந்தாலும், நெறி தவறி விழுந்தாலும் பெண் வேறு கணவனை ஏற்கலாம் என்ற பொருளில் அங்கே ஒரு சுலோகம் இருக்கிறது. ஒவ்வொரு யுகத்துக்கும் ஒவ்வொரு தர்ம நூல் உரியது, கலியுகத்துக்கு உரியது பராசரம் என்று அந்த நூலே சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து 1855 ஜனவரியில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். புத்தகம் சூடாக விற்றது. கல்கத்தாவில் டீக்கடை இல்லாத காலம், ஆனாலும் படித்துறையிலும் சந்தையிலும் இதே பேச்சு.

பண்டிதர்கள் பலர் மறுப்பு எழுதினார்கள். அந்தச் சுலோகம் நிச்சயம் மட்டும் ஆன பெண்ணுக்குத்தான் பொருந்தும், வேறு யுகத்துக்குத்தான் பொருந்தும் என்றெல்லாம் வாதாடினார்கள். அதில் தப்பில்லை, அது நேர்மையான வாதம். வித்யாசாகரும் அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாவது புத்தகம் எழுதி, ஒவ்வொரு மறுப்பையும் தனித்தனியாக எடுத்துப் பதில் சொன்னார். ஆனால் வந்த மறுப்புகளில் பாதி மறுப்பே இல்லை. வசையும் கிண்டலும்தான். சாத்திர விசாரத்தில் ஏளனத்தையும் ஒரு ஆயுதமாக நம் நாட்டில் எடுப்பார்கள் என்று தனக்கு இதற்கு முன் தெரியாது என்று அந்தப் புத்தகத்திலேயே வருத்தப்பட்டு எழுதினார்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று இருந்தது. சாத்திரம் காட்டு என்றவர்கள், காட்டிய பிறகு பேச்சை மாற்றினார்கள். சாத்திரத்தில் இருந்தாலும் நம் ஊர் வழக்கத்தில் இல்லையே என்றார்கள். சாத்திரத்தைத்தான் இந்த நாடு மதிக்கிறது என்று நம்பி எழுதத் தொடங்கியவர், உண்மையில் ஆட்சி செய்வது வழக்கம்தான் என்று புரிந்துகொண்டார். இதை நம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. ஆதாரம் கேட்பவர் எல்லாரும் ஆதாரத்துக்காகக் கேட்பதில்லை. சிலர் நம் வாயை மூடத்தான் கேட்கிறார்கள். ஆதாரத்தைக் கையில் கொடுத்ததும் வேறு கேள்விக்குத் தாவுகிறார்கள் என்றால், பிரச்சினை ஆதாரத்தில் இல்லை.

987 பேரும் முப்பதாயிரம் பேரும்

1855 அக்டோபரில் விதவை மறுமணத்துக்குச் சட்டம் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு மனு போனது. அதில் 987 கையெழுத்து. எதிர்ப்பு மனு ஒன்றும் போனது. அதில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து.

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் ராஜா ராதாகாந்த தேவ். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீங்க. பெண்கள் கல்விக்கு ஆதரவு கொடுத்தவர். 'சப்தகல்பத்ருமம்' என்ற மாபெரும் சமஸ்கிருத அகராதியைத் தொகுத்தவர். நல்ல படிப்பாளி. இந்து தர்மத்தைக் காப்பாற்றுகிறோம் என்று உண்மையாகவே நம்பியவர். நம்மை அடக்குகிறவர் எப்போதும் வில்லன் மாதிரி மீசை முறுக்கிக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் நாம் மதிக்கிற, நல்லது செய்கிற பெரியவராகவே வருவார். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேசுவது இவ்வளவு கஷ்டம்.

முப்பதாயிரம் பேர் ஒரு பக்கம் நிற்கிறார்கள் என்பதால் அந்தப் பக்கம் சரி ஆகிவிடாது. அந்தக் கையெழுத்துகளில் ஒன்றாவது, வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு விதவைச் சிறுமியைக் கேட்டுப் போட்டதா? கிடையாது. யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்களோ, அவள் கருத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவே இல்லை. வித்யாசாகரின் வாயை அடைக்கப் பார்த்தது ஒரு பக்கம். அந்தப் பெண்களுக்கு வாய் இருக்கிறது என்பதையே மறந்தது இன்னும் கொடுமை.

சட்டம் 1856 ஜூலையில் நிறைவேறியது. அதிலும் குறை இருந்தது. மறுமணம் செய்கிற பெண், இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழக்க வேண்டும். ஆனாலும் மறுமணம் செல்லும், அதில் பிறக்கும் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள் என்று ஆனது.

சிரிப்பு, தடி, விலக்கு

ஒருத்தரைப் பேசவிடாமல் செய்ய மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் அவர் மேல் பிரயோகித்தார்கள்.

முதலில் சிரிப்பு. பெயர்பெற்ற கவிஞர் ஈஸ்வர குப்தா கேலிக் கவிதை எழுதினார். தாசரதி ராய் என்ற பாடகர் இதையே கிண்டல் பாட்டாகக் கட்டி ஊர் ஊராகப் பாடினார். வருடங்கள் கழிந்தும் இது நிற்கவில்லை. பங்கிம் சந்திரர் 1873-ல் வெளியிட்ட 'விஷவிருட்சம்' நாவலில்கூட ஒரு பாத்திரம் வித்யாசாகரை முட்டாள் என்ற அர்த்தத்தில் குத்திப் பேசும். இன்றைக்கு மீம் போடுகிறார்கள், அன்றைக்குப் பாட்டுக் கட்டினார்கள். அதே நேரத்தில் வேறொன்றும் நடந்தது. சாந்திப்பூர் நெசவாளர்கள், வித்யாசாகர் நீடூழி வாழட்டும் என்ற பாட்டை ஓரத்தில் நெய்த சேலைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். மனுவில் கையெழுத்துப் போட வழியில்லாத பெண்கள் அந்தச் சேலையை உடுத்தினார்கள். அவர்கள் போட்ட கையெழுத்து அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது தடி. தெருவில் அவரை வழிமறித்துத் திட்டினார்கள், அடிப்போம் என்று மிரட்டினார்கள். கிராமத்தில் இருந்த அப்பா இதைக் கேள்விப்பட்டு, ஸ்ரீமந்தா என்ற சிலம்பக்காரரைக் காவலுக்கு அனுப்பினார். அப்பாவும் பழைய காலத்து ஆள்தான். ஆனாலும் மகனே, இதை விட்டுடு என்று சொல்லவில்லை. கூட நிற்க ஆள் அனுப்பினார்.

மூன்றாவது விலக்கு. மறுமணத்தில் கலந்துகொண்ட குடும்பத்தை ஊர் ஒதுக்கும். புரோகிதர் வரமாட்டார். நாவிதர் வரமாட்டார், சலவைக்காரர் துணி எடுக்கமாட்டார். வீட்டில் சாவு விழுந்தால் தூக்க ஆள் இருக்காது. தடியைவிட இதற்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள். குரூப்பில் இருந்து தூக்கிவிடுவது இதன் பேரப்பிள்ளை. அன்று ஒதுக்கினால் பிணம் தூக்க ஆள் இல்லை. இன்று அவ்வளவு இல்லை என்றாலும் வலி வலிதான்.

சுகியா தெருக் கல்யாணம்

சட்டம் வந்துவிட்டது. யார் முதலில் செய்வது? 1856 டிசம்பர் 7-ஆம் தேதி இரவு, கல்கத்தா சுகியா தெருவில், வித்யாசாகரின் நண்பர் ராஜகிருஷ்ண பந்தோபாத்யாய் வீட்டில் முதல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஸ்ரீசந்திர வித்யாரத்னா, படித்த பண்டிதர். பெண் காளிமதி, இன்னும் சிறுமி. வேடிக்கை பார்க்கத் தெரு நிறைய கூட்டம். கலாட்டா வந்துவிடுமோ என்று வழி நெடுகப் போலீசை நிறுத்தியிருந்தார்கள். மந்திரம், ஹோமம், தாரைவார்ப்பு எதையும் விடவில்லை. இது நம் சமயத்துக்கு வெளியே நடக்கும் காரியம் அல்ல, உள்ளேயே நடப்பது என்று காட்டுவதற்காக ஒவ்வொரு சடங்கையும் முறைப்படி செய்தார்கள். செலவு வித்யாசாகருடையது.

அடுத்த பத்து வருடத்தில் ஏறக்குறைய அறுபது கல்யாணங்கள். எண்பதாயிரம் ரூபாய் வரை செலவானதாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அது மலைபோன்ற பணம். தலைக்கு மேல் கடன். மேடையில் கைதட்டியவர்கள், பணம் தருவதாகப் பட்டியலில் பெயர் எழுதியவர்கள் பலர் பின்வாங்கினார்கள். சில மாப்பிள்ளைகள் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு கல்யாணம் செய்து, பிறகு பெண்ணை விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு மாப்பிள்ளைகளிடம் எழுத்தில் உறுதி வாங்க ஆரம்பித்தார்.

எதிரியின் கிண்டல் அவரை அசைக்கவில்லை. கூட இருந்தவர்கள் நழுவியதுதான் அவரை உடைத்தது. ஒரு கருத்தை அமுக்குவதற்கு முப்பதாயிரம் எதிரிகள் தேவையில்லை. நீ சொல்றது சரிதான்ணே, ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க என்று காதோடு பேசும் முப்பது நண்பர்கள் போதும்.

1870-ல் அவருடைய ஒரே மகன் நாராயண சந்திரா, பவசுந்தரி என்ற விதவைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள முன்வந்தார். உறவை அறுத்துக்கொள்வோம் என்று சொந்தக்காரர்கள் எச்சரித்தார்கள். வித்யாசாகர் அசையவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு மறுமணம் செய்துவைத்துவிட்டு, சொந்த மகன் செய்யும்போது தடுத்தால் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற பொருளில் தம்பிக்குக் கடிதம் எழுதினார். கல்யாணம் நடந்தது.

அவரும் மனிதர்தான்

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1871-ல் அவர் அடுத்த போராட்டத்தைத் தொடங்கினார். குலீனப் பிராமணர்களில் சிலர் பணத்துக்காகப் பத்து, இருபது, அதற்கும் மேலே கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். யார், எந்த ஊர், எத்தனை மனைவி என்று பட்டியலே போட்டு வெளியிட்டார். இந்தத் தடவை எதிர்த்தவர்களில் தாரநாத் தர்க்கவாசஸ்பதி என்ற பெரிய பண்டிதரும் ஒருவர். விதவை மறுமணத்தில் வித்யாசாகர் பக்கம் நின்ற பழைய நண்பர். நண்பரே எதிராக எழுதியது வித்யாசாகருக்குத் தாங்கவில்லை. 1873-ல் சொந்தப் பெயரை மறைத்து, ஒரு தகுதியுள்ள சகோதரன் மகன் எழுதுவதுபோல் புனைபெயரில், நண்பரைக் கேலி செய்து புத்தகம் போட்டார். ஒன்றோடு நிற்கவும் இல்லை.

நம் பாஷையில் சொன்னால், ஃபேக் ஐடி. எந்தக் கிண்டலைக் கண்டு 1855-ல் வருந்தினாரோ, அதே கிண்டலை 1873-ல் அவரே கையில் எடுத்தார். பலமுறை அடிபட்டவனுக்குக் கோபம் வருவது இயற்கைதான். ஆனால் பாதிக்கப்பட்டவன் என்பதாலேயே நாம் செய்வது எல்லாம் சரி ஆகிவிடாது. வித்யாசாகரைச் சாமி ஆக்கி மாலை போட்டுவிட்டால் இந்தப் பாடம் நமக்குக் கிடைக்காது.

பலதார மணத்துக்கு எதிரான சட்டம் அவர் காலத்தில் வரவே இல்லை. 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு, மத விஷயத்தில் கைவைக்க வெள்ளைக்கார அரசுக்குப் பயம் வந்துவிட்டது.

கர்மாடார் வீடு

கடைசிக் காலத்தில் படித்தவர்களின் கூட்டமே அவருக்கு அலுத்துப்போனது. சொந்தக் கிராமத்தை விட்டு 1869-ல் கிளம்பியவர் மறுபடி அங்கே போகவில்லை. மகனோடும் மனஸ்தாபம் வந்து, உயிலில் சொத்து இல்லை என்று எழுதும் அளவுக்குப் போனது. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கர்மாடார் என்ற ஊரில் வீடு வாங்கி, வருடக்கணக்காக அங்கே போய் வந்துகொண்டிருந்தார். சுற்றிலும் சந்தால் பழங்குடி மக்கள். அவர்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுப்பார், அவர்கள் கொண்டுவரும் சோளக் கதிரை வாங்கிவைத்து அவர்களுக்கே சாப்பிடக் கொடுப்பார். அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்று வித்யாசாகர் என்றுதான் பெயர்.

1891 ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். அவர் எதிர்பார்த்த அளவுக்கு மறுமணங்கள் அவர் காலத்தில் நடக்கவில்லை. தோற்றுவிட்டோம் என்ற எண்ணம்கூட அவருக்கு இருந்திருக்கலாம்.

ஆனால் விதை தெற்கே வந்து முளைத்தது. 1881-ல் ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் தெலுங்கு நாட்டின் முதல் விதவை மறுமணத்தை நடத்திவைத்தார். தென்னாட்டு வித்யாசாகர் என்று அவருக்குப் பெயர் வந்தது. 'சுதேசமித்திரன்' பத்திரிகையைத் தொடங்கிய நம் தமிழர் ஜி. சுப்பிரமணிய ஐயர், விதவையான தன் மகளுக்கு 1889-ல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். அவரையும் சொந்தச் சாதியார் ஒதுக்கிவைத்தார்கள். பின்னாளில் பாரதியார் வேலை பார்த்தது அவர் தொடங்கிய பத்திரிகையில்தான்.

நமக்கு என்ன?

இன்று நம் கோயில்களில், கணவனை இழந்த ஒரு இளம்பெண் மறுபடி மாலை மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. சாத்திரம் கெட்டது என்று கத்துவதும் இல்லை. அன்று முப்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு எதிர்த்தது, இன்று நமக்குச் சாதாரணம். அப்படியென்றால் இன்று நாம் எல்லாரும் சேர்ந்து சிரித்து அமுக்குகிற ஏதோ ஒரு கருத்து, நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளுக்குச் சாதாரணமாக இருக்கலாம். அது எது என்று இன்று நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் பேச விட வேண்டும்.

மாற்றிப் பேசுகிறவர் சொல்வது எல்லாம் சரி என்று சொல்லவில்லை. தப்பாகவும் இருக்கும். ராதாகாந்த தேவரின் பண்டிதர்கள் எழுதிய நேர்மையான மறுப்புகள்போல நாமும் மறுப்போம், ஆதாரம் காட்டுவோம். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவோம். கிண்டல், மிரட்டல், குரூப்பில் இருந்து தூக்குவது, இந்த மூன்றும் பதில் ஆகாது.

அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு கை உயரும்போது, சிரிப்பில் சேராதீங்க. அந்தத் தம்பியோ தங்கையோ சொல்லி முடிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் கருத்தை நீங்கள் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை. ஏற்கிறவராக இருந்தால், கூட்டம் முடிந்த பிறகு கார் நிறுத்துமிடத்தில் காதோடு சொல்லாதீங்க. அங்கேயே எழுந்து சொல்லுங்க. வித்யாசாகருக்குக் கிடைக்காமல் போனது அந்தத் துணைதான்.